லேக் வியூ இருக்கட்டும், கிச்சன் இருக்கா?

ஃபேர்வெல் ட்ரிப்புக்கு ரூம் தேடிக்கிட்டு இருக்கிற ஃபைனல் இயர் மக்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். புக்கிங் ஆப்பைத் திறந்ததும் நம்ம விரல் தானாப் போய் அழுத்துறது ‘லேக் வியூ’ங்கிற ஃபில்டரைத்தான். அதை எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா ‘கிச்சன்’னு இருக்கிற ஃபில்டரைப் போடுங்க. ஒரே கிச்சன், ரெண்டு பாத்ரூம், ஒரு பெரிய ஹால் இருக்கிற பழைய வீடு கிடைச்சா யோசிக்காம புக் பண்ணுங்க. ஏரி எங்கேயும் ஓடிடாது. பத்து நிமிஷம் நடந்தா பார்த்துக்கலாம்.

நாலு வருஷம் ஒண்ணாப் படிச்சவங்க, கடைசியா ஒரு தடவை ஒண்ணாத் தங்கப் போறோம். ஜூலையில ஒருத்தர் சென்னையில இருப்பாங்க, ஒருத்தர் பெங்களூருல, ஒருத்தர் ஹைதராபாத்ல. சிலருக்கு இன்னும் ஆஃபரே வரலை. இந்த ட்ரிப்புக்கு அப்புறம் நம்மகிட்ட மிச்சம் இருக்கப்போறது நானூறு போட்டோவா, இல்ல பத்து வருஷம் கழிச்சும் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட முடியுற நாலு பேரா? நாம எந்த மாதிரி வீட்டைப் பிடிக்கிறோம்ங்கிறதுலயும் அதுக்குப் பதில் இருக்குன்னு நான் நம்புறேன். சிரிக்காதீங்க, காரணம் சொல்றேன்.

நாலு ரூம், ரெண்டு பர்னர்

அப்பாவோ அம்மாவோ பேங்க்லயோ எல்ஐசியிலயோ வேலை பார்த்திருந்தா ‘ஹாலிடே ஹோம்’னு சொன்னதும் உங்களுக்குப் புரிஞ்சுடும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர்கள்ல, ஊழியர்கள் குடும்பத்தோட வந்து தங்குறதுக்காக அந்த நிறுவனமோ ஊழியர் சங்கமோ ஒரு வீட்டை வச்சிருக்கும். சில மாசம் முன்னாடியே அப்ளிகேஷன் போடணும். இடம் கிடைச்சா, ஒரு நாள் வாடகை ஒரு பிரியாணி விலைகூட வராது.

எங்க அப்பா பேங்க்ல கிளார்க். 2009-ல எனக்கு நாலு வயசு இருக்கும்போது முதல் தடவை கொடைக்கானல் ஹாலிடே ஹோம் கிடைச்சது. அதுல இருந்து, கொரோனா வந்த ரெண்டு வருஷம் தவிர, அப்பா ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒவ்வொரு மே மாசமும் ஒரு வாரம் அங்கேதான். எங்க வசதிக்கு ஏரிக்கரையில சொந்தமா காட்டேஜ் எல்லாம் கனவுலயும் கிடையாது. ஆனா வருஷத்துக்கு ஏழு நாள் ஒரு காட்டேஜ் எங்களோடதா இருந்துச்சு.

காட்டேஜ்னு பேருதான் பெருசு. ஓட்டுக் கூரை, நாலு ரூம், ரூமுக்கு ஒரு குடும்பம். சுடுதண்ணிக்கு ஒரே கீசர். சமையலுக்கு ஒரே கிச்சன், அதுல ரெண்டு பர்னர் உள்ள ஒரே அடுப்பு. ஏரி தெரியுமான்னு கேட்டா, பின்பக்கம் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னா, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவுல ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரியும்.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ‘டெட்லாக்’ படிச்சப்போ எனக்கு எக்ஸாம்பிளே தேவைப்படலை. ஒரு குடும்பம் அடுப்பைப் பிடிச்சு வச்சுக்கிட்டு குக்கருக்குக் காத்திருக்கும். இன்னொரு குடும்பம் குக்கரை வச்சுக்கிட்டு அடுப்புக்குக் காத்திருக்கும். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தாத்தான் ரெண்டு பேருக்கும் சோறு. எங்க வீட்டு நட்பு எல்லாமே அந்த விட்டுக்கொடுத்தல்ல ஆரம்பிச்சதுதான்.

முதல் வருஷக் கதையை அம்மா இன்னும் சொல்வாங்க. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்துல இருக்கு. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும். அதுக்கு அப்புறம் அடுப்பை எவ்வளவு பெருசா வச்சாலும் சூடு மேல ஏறாது. திறந்த பாத்திரத்துல போட்ட பருப்பு லேசுல வேகாது. நமக்கு இது தெர்மோடைனமிக்ஸ். அம்மாவுக்கு அன்னைக்கு அது ஒரு மணி நேர எரிச்சல். பக்கத்து ரூம்ல இருந்த திருச்சி ஆன்ட்டி எட்டிப் பார்த்து, “இங்க பாத்திரத்துல வேகாதுங்க, இந்தாங்க”ன்னு தன்னோட குக்கரைக் கொடுத்திருக்காங்க. “ரெண்டு விசில் கூட விடுங்க”ன்னு ஒரு டிப்ஸும் கொடுத்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி சாம்பார் ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்தே வச்சாச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ரூமுக்கு ரூம் இண்டக்ஷன் ஸ்டவ் இருந்திருந்தா, அம்மா அன்னைக்கு வேகாத பருப்பைக் கொட்டிட்டு, கீழே போய் இட்லி வாங்கிட்டு வந்திருப்பாங்க. திருச்சி ஆன்ட்டின்னு ஒருத்தர் இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

அடுத்த வருஷத்துல இருந்து எங்க அப்பாவும் திருச்சி மாமாவும் பேசி வச்சுக்கிட்டு ஒரே வாரத்துக்கு அப்ளிகேஷன் போட ஆரம்பிச்சாங்க. அப்புறம் தூத்துக்குடி குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சு. அப்புறம் ஈரோடு. நாலு ரூமும் நிரம்பிடுச்சு.

ஏரியே மனுஷன் உண்டாக்கினதுதான்

தூத்துக்குடி மாமா ஒவ்வொரு வருஷமும் போட்ல ஏறி உட்கார்ந்ததும் ஒரே டயலாக்கைத்தான் சொல்வார்: “இந்த ஏரியில விட்ட முத போட்டு எங்க ஊர்ல இருந்துதான்டா வந்துச்சு.” சின்ன வயசுல அது மாமாவோட பில்டப்புன்னு நினைச்சேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா நிஜம்தான். கொடைக்கானல் ஏரி இயற்கையா உண்டானது இல்லை. 1863-ல, மதுரை கலெக்டரா இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் முயற்சி எடுத்து, ஓடைத் தண்ணியைக் கரை கட்டித் தேக்கி உண்டாக்கினது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. தூத்துக்குடியில இருந்து போட் கொண்டுவந்ததும் அவர்தான். இந்த ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் மலைப்பாதையில நாம வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற வெள்ளி நீர்வீழ்ச்சி.

ஏரிக்கு முன்னாடியே அங்கே வீடு வந்துடுச்சு. மதுரைப் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்கிறதுக்காக 1845-ல அங்கே முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. வருஷம் முழுக்க வேற வேற ஊர்ல தனித்தனியா இருந்த குடும்பங்கள், கோடைக்கு மலையேறி வந்து ஒண்ணாக் கூடின ஊர் அது. இதுல நாம மறக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கு. மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி அந்தக் குடும்பங்கள் நடந்து ஏறலை. நாற்காலியிலயும் டோலியிலயும் உட்கார வச்சு அவங்களைத் தூக்கிட்டுப் போனது நம்ம ஊர் ஆளுங்க. ஒருத்தரோட இனிமையான கோடை நினைவுக்குப் பின்னாடி இன்னொருத்தரோட முதுகுவலி இருக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரேன்.

இந்த வரலாற்றுல இருந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணுதான். ஏரி வர்றதுக்கு முன்னாடியே அங்கே குடும்பங்கள் கூடியாச்சு. ஜனங்களை ஒண்ணு சேர்த்தது வியூ இல்லை. ஒரே இடத்துக்கு, ஒரே சீசனுக்கு, திரும்பத் திரும்ப வந்ததுதான்.

அது உண்மையான நட்புதானா?

வருஷத்துக்கு ஏழு நாள் பார்க்கிறவங்களை ஃப்ரெண்டுன்னு சொல்லலாமான்னு கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. நான் பன்னிரண்டாவது படிக்கிறப்போ அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சு. சொந்தக்காரங்க நிறைய பேர் வந்தாங்க, ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வந்துச்சு. வந்தவங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா கிச்சனுக்குள்ள போனா, “சர்க்கரை எங்கம்மா இருக்கு? உங்கப்பாவுக்குக் காபி எப்படி?”ன்னு என்னைத்தான் கேட்பாங்க.

மூணாவது நாள் திருச்சி ஆன்ட்டி ஒரு பையோட வந்து இறங்கினாங்க. யாரும் கூப்பிடலை. எங்க வீட்டுக்கு அதுக்கு முன்னாடி அவங்க வந்ததே இல்லை. நேரா கிச்சனுக்குப் போனாங்க. அப்பாவுக்குச் சர்க்கரை கம்மி, எனக்கு ரசத்துல தக்காளி ஜாஸ்தி, அம்மாவுக்குக் கஞ்சின்னா உப்பு தூக்கலா இருக்கணும். ஒண்ணுகூட கேட்கலை. நாலு நாள் இருந்தாங்க. நான் மாடல் எக்ஸாமுக்குப் படிச்சேன்.

ஏரியை ஒண்ணாப் பார்த்ததால அவங்களுக்கு இது தெரியலை. ரெண்டு பர்னரைப் பத்து வருஷம் பங்கு போட்டுக்கிட்டதால தெரிஞ்சது. அழகான இடத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கிறதால நட்பு வராதுன்னு சொல்லலை. ஆனா மத்தவங்க எப்படிச் சாப்பிடுவாங்க, எப்போ கோபப்படுவாங்க, எதை விட்டுக்கொடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிற இடம் அடுப்பங்கரைதான்.

அம்மாவுக்கு எங்கே லீவு?

இந்த இடத்துல ஒரு கேள்வி வரணும். வரலைன்னா நானே கேட்கிறேன். லீவுக்குப் போன இடத்துலயும் அம்மாக்களே சமைச்சா, அது யாரோட லீவு?

நியாயமான கேள்வி. முதல் சில வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. அப்பாக்கள் எல்லாம் வெராண்டாவுல பேப்பர் படிப்பாங்க, உள்ள இருந்து காபி வரும். இதை நான் அழகான நினைவுன்னு சொல்ல மாட்டேன். மாத்தினது தூத்துக்குடி மாமா. ஒரு நாள் மீன் வாங்கிட்டு வந்து, “எங்க ஊர்க் குழம்பை நான்தான் வைப்பேன்”னு அடுப்பைக் கைப்பத்திட்டார். கிச்சன் எல்லாருக்கும் பொதுங்கிறதால, அவர் சமைக்கிறதை எல்லாரும் பார்த்தாங்க. அவர் அரிவாள்மனையோட உட்கார்ந்திருக்கும்போது மத்த மூணு அப்பாக்களும் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியலை. எங்கப்பா முதல் தடவையா வெங்காயம் உரிச்சது கொடைக்கானல்லதான். அடுத்த வருஷத்துல இருந்து ராத்திரிச் சமையல் ஆம்பளைங்க வேலைன்னு ஆயிடுச்சு. காலையும் மதியமும் அம்மாக்களே பண்ணாங்க, அதனால சமத்துவம் வந்துடுச்சுன்னு சொல்ல வரலை. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாலு அம்மாக்களும் ஏரியைச் சுத்தி நடக்கப் போவாங்க. சுத்து வட்டம் அஞ்சு கிலோமீட்டர். கூட யாரையும் சேர்க்க மாட்டாங்க, எங்களையும்தான். எங்கம்மாவுக்கு யாரோட மனைவியாவும் இல்லாம, யாரோட அம்மாவாவும் இல்லாம இருந்த ஃப்ரெண்ட்ஸ் அந்த மூணு பேர்தான்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது.

அதனால நம்ம ட்ரிப்புக்கு என் முதல் நிபந்தனை: சமையல்ல எல்லாருக்கும் முறை உண்டு. கேர்ள்ஸ் சமைக்க, பாய்ஸ் புளூடூத் ஸ்பீக்கர் பிடிக்கிற ட்ரிப்புக்கு நான் வரலை.

நீங்க சொல்லப்போறது எனக்குத் தெரியும்

“நாலு வருஷம் ஹாஸ்டல்ல எல்லாத்தையும் ஷேர் பண்ணியாச்சு, ட்ரிப்லயாவது தனி பாத்ரூம் வேணும்”னு சொல்வீங்க. ஆனா ஹாஸ்டல்ல நாம பங்கு போட்டது ரூமை மட்டும்தான். சோறு மெஸ்ல வரும், தட்டை வச்சுட்டு வந்துடுவோம். எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு நாம சேர்ந்து கவலைப்பட்டதே இல்லை. எட்டு செமஸ்டர்ல ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு வேளை சமைச்சுப் போட்டதில்லை. கோட் ஷேர் பண்ணியிருக்கோம், கோதுமை மாவு பிசைஞ்சதில்லை.

“பிரைவேட் வில்லான்னா சேஃப்டி”ன்னும் சொல்வீங்க. நம்ம கிளாஸ்ல பாதி கேர்ள்ஸுக்கு ராத்திரி தங்குற ட்ரிப்புக்கு இன்னும் வீட்ல பர்மிஷன் வரலை. சிலருக்கு இதுதான் முதல் ட்ரிப், சிலருக்கு இதுவே கடைசியாவும் இருக்கலாம். அவங்க வீட்ல ஒத்துக்கணும்னா, ஊருக்கு ஒதுக்குப்புறமா, பூட்டின கேட்டுக்குள்ள இருக்கிற வில்லாவைவிட, ஓனர் குடும்பமும் அதே காம்பவுண்டுல இருக்கிற ஹோம்ஸ்டே பேரைச் சொல்றது சுலபம். ஓனர் வீட்டு அம்மாகிட்ட போனைக் கொடுத்து எங்கம்மாவைப் பேச வச்சாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

“மூணு நாள்ல மூணு ஊர் பார்த்துடலாம்”ங்கிறது அடுத்த பிளான். பார்க்கலாம், டெம்போ டிராவலர் ஜன்னல் வழியா. குணா குகை, பைன் ஃபாரஸ்ட், பில்லர் ராக்ஸ்னு லிஸ்டைப் போட்டு டிக் அடிச்சுட்டு வந்தா, யார்கூடப் போனோம்ங்கிறதே மறந்துடும். மஞ்ஞும்மல் பாய்ஸ் படம் பார்த்துட்டு குணா குகைக்குக் கிளம்பின எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்தப் படத்துல மனசைத் தொட்டது குகை இல்லை, கயிறைப் பிடிச்ச கைகள்.

அது யாரோ ஒருத்தரோட ஊர்

டோலி தூக்கினவங்களைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அங்கே வரேன். ஹாலிடே ஹோமைப் பார்த்துக்கிட்டது ஒரு அண்ணனும் அக்காவும். அவங்க பொண்ணு என் வயசு. மே மாசம் நாங்க விளையாடப் போனா, அவ எங்களோட கொஞ்ச நேரம்தான் இருப்பா. ரூம் காலியானா பெட்ஷீட் மாத்த அக்கா கூப்பிடுவாங்க. எங்களுக்கு லீவுன்னா அவங்க வீட்டுக்கு அதுதான் ஃபுல் வேலை. இப்ப அவ திண்டுக்கல்ல நர்சிங் படிக்கிறா, எங்களுக்குள்ள இன்னும் மெசேஜ் ஓடுது. சீசன்ல ஊருக்குப் போறதுன்னாலே பயம்னு சொல்வா. பெருமாள்மலையில இருந்து வண்டி நகராது, உள்ளே ஒரு ஆம்புலன்ஸ் மாட்டியிருந்தாலும் அதேதான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது சும்மா இல்லை. 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு அளவே வச்சாங்க. அரசு பஸ் இந்தக் கணக்குல வராது. அதனால நாம நாலு கார் எடுத்துட்டுப் போகாம, வத்தலக்குண்டு வழியா பஸ்ல போவோம். வாந்தி வர்றவங்க எலுமிச்சம்பழம் வச்சுக்கோங்க. வார நாள்ல போவோம். ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல நம்ம தலைகளையும் சேர்க்க வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கிறவங்க பேரை முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். கிளம்புற அன்னைக்கு நம்ம பாத்திரத்தை நாமே கழுவி வச்சுட்டு வருவோம்.

திரும்பப் போறதுதான் முக்கியம்

அப்பா ரிட்டயர் ஆனதும் மே மாசம் ஹாலிடே ஹோம் கிடைக்கிறது கஷ்டமாயிடுச்சு. சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை, அது நியாயமும்கூட. இதோட முடிஞ்சதுன்னு நாங்க பிள்ளைங்க நினைச்சோம். போன மே மாசம் நாலு குடும்பமும் சொந்தக் காசைப் போட்டு ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தாங்க. ஓனர் போன்ல கார்டன், டிவி, வைஃபைன்னு அடுக்கிட்டே போனார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, “அடுப்பு எத்தனை?”

நாமும் இந்த ட்ரிப்பைக் கடைசி ட்ரிப்புன்னு சொல்றதை நிறுத்திட்டு, முதல் ட்ரிப்புன்னு நினைச்சுப் போகலாம். தேதிக்கும் என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். கொடைக்கானல்ல 2006-ல பூத்துச்சு, 2018-லயும் பூத்துச்சு. நாங்க எப்பவும் மே மாசமே போய்ட்டு வந்ததால, ஆகஸ்ட் பக்கம் பூத்ததைப் பார்க்கவே இல்லை. அடுத்தது 2030. அப்போ நமக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். யாராவது ஆன்சைட்ல இருப்பாங்க, யாராவது மூணாவது கம்பெனியில இருப்பாங்க, யாருக்காவது கல்யாணம் ஆகியிருக்கும். அதுவரைக்கும் வருஷம் ஒரு தடவை, அதே வீட்டுக்கு, முடிஞ்சவங்க மட்டுமாவது போய்ட்டு வந்தா, 2030-ல நிஜமாவே சேர்ந்து நிற்போம். நடுவுல நாலு வருஷம் போகாம விட்டுட்டா, ஸ்டேட்டஸ்ல குறிஞ்சி போட்டோ பார்த்து ஹார்ட் போடுறதோட முடிஞ்சுடும்.

ஒரு வீட்டைப் பார்த்து வச்சிருக்கேன். ஏரி தெரியாது, மூணு பர்னர் அடுப்பு இருக்கு. வர்றவங்க பேரோட, எந்த வேளை சமைப்பீங்கன்னும் சேர்த்து அனுப்புங்க. குக்கர் நான் கொண்டு வரேன்.